லாரி ஆபீஸில் சாஃப்ட்வேர் விற்ற கதை

நாமக்கல் பரமத்தி ரோட்டில் எந்த லாரி ஆபீஸுக்குள் நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் டேலி இருக்கும். டேலிக்குப் பக்கத்தில் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி' என்று பெயர் வைத்த எக்செல் ஃபைல்கள் இருக்கும். மேசைமேல் நீளமான ஒரு கணக்கு நோட்டு, அதன் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட டிரிப் ஷீட் கட்டு, சுவரில் ஆஞ்சநேயர் காலண்டர். ஒரே கணக்கை நோட்டில் ஒரு தடவை, எக்செல்லில் ஒரு தடவை, டேலியில் ஒரு தடவை எழுதுவார்கள். சென்னையில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு, 2020 லாக்டவுனில் ராசிபுரத்துக்கு வந்து, அப்படியே வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எச்சில் ஊறியது. இவ்வளவு வேலை கிடக்கிறதே, ஒருத்தர் கூடவா நம்மைக் கூப்பிட மாட்டார்?

கூப்பிடவில்லை. வெகுநாள் கூப்பிடவில்லை.

இப்போது திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் படித்து முடித்த தம்பிகள், தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, முதல் கான்ட்ராக்ட் எப்படிப் பிடிச்சீங்க?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ஓய்ந்துபோய்தான் இதை எழுதுகிறேன். கான்ட்ராக்ட் என்று நான் சொல்வது, ஏதோ ஒரு கன்சல்டன்சியின் பே-ரோலில் சேர்ந்து இன்னொரு கம்பெனியில் ஆறு மாசம் உட்காருவதை இல்லை. ஒருத்தர் நேராக நம்மிடம் வேலை சொல்ல வேண்டும், நாம் விலை சொல்ல வேண்டும், செய்து கொடுத்துக் காசு வாங்க வேண்டும். அதைத்தான் சொல்கிறேன்.

ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் முதலில் அமெரிக்கா பக்கம்தான் பார்த்தேன். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் 2013 கடைசியில் சேர்ந்து, 2015ல் அப்வொர்க் ஆயின. அங்கே ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடவே 'கனெக்ட்ஸ்' வாங்க வேண்டும், ஒன்று 15 சென்ட். ஒரு வேலைக்கு ஒன்று போதாது, பல வேண்டும். நான் உள்ளே போன காலத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கும் முதல் 500 டாலர் வரைக்கும் 20 சதவீதம் கமிஷன். 2023 மே மாதம்தான் எல்லோருக்கும் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். கமிஷன் பெரிய விஷயமில்லை. வேலை கிடைத்தால்தானே கமிஷன்! அங்கே வேலை கொடுக்கிறவர் நம்மைப் பார்த்ததில்லை, நம் ஊரைக் கேள்விப்பட்டதில்லை. நம்மை எடைபோட அவரிடம் இருப்பது முந்தைய வாடிக்கையாளர்கள் போட்ட நட்சத்திரங்கள் மட்டும்தான். நட்சத்திரம் இல்லாமல் வேலை வராது, வேலை வராமல் நட்சத்திரம் வராது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கோழியா முட்டையா என்ற இந்தப் புதிருக்கு விடை தேடினேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அந்தப் பக்கம் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் கவனித்தவரை அவர்கள் 'வெப்சைட் செய்வேன், ஆப் செய்வேன்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட சாஃப்ட்வேரின் ஒரு குறிப்பிட்ட மூலையில் வரும் சிக்கலை மட்டும் சரிசெய்வார்கள். அந்த மூலைக்கு ஆள் கம்மி, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு மூலை அப்போது இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. முதல் வேலை தேடி அலைகிற ஆள் என்று தெரிந்தால் ஃபோன் வர ஆரம்பிக்கும். "டேட்டா என்ட்ரி ப்ராஜெக்ட் இருக்கு சார், டெபாசிட் மட்டும் கட்டுங்க." கட்டினால் படிக்கவே முடியாத படிவங்களை அனுப்பி, அடிக்கச் சொல்லி, 'உங்கள் வேலையில் பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டுங்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் போடுவார்கள். இது நாடு முழுக்க நடக்கிற மோசடி. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அந்த நோட்டீஸுக்குப் பயந்து மேலும் கட்டாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

அடுத்ததாக அரசாங்கம். டெண்டர் தளங்களையும், 2016ல் வந்த ஜெம் என்ற அரசு கொள்முதல் சந்தையையும் இரவு பகலாகப் புரட்டினேன். பெரும்பாலான அறிவிப்புகளில் கடந்த மூன்று வருஷ டர்ன்ஓவர், இதே மாதிரி வேலை செய்த சான்று, முன்வைப்புத் தொகை என்று கேட்டிருந்தார்கள். ஸ்டார்ட்-அப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சில தளர்வுகள் உண்டு என்றாலும், ஒற்றை ஆளாக ஒரு லேப்டாப்போடு இருப்பவனுக்கு அந்த வாசல் தொலைவுதான். சேலத்தில் ஐடி பார்க் இல்லையா என்பீர்கள். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் பார்க் இருக்கிறது. கருப்பூர் ஆனைகவுண்டன்பட்டியில் மினி டைடல் பார்க்கை 2024 செப்டம்பரில் திறந்தார்கள். வீ டெக்னாலஜீஸ் மாதிரி சேலத்திலேயே நிறையப் பேருக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கெல்லாம் கிடைப்பது சம்பள வேலை. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடல் கடந்து இருக்கிறார்கள். நமக்கு வெளியே கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது?

அப்போதுதான் பெரிய கம்பெனிகள் முதல் வேலையை எப்படிப் பிடித்தன என்று தேடிப் படித்தேன். 1968ல் தொடங்கிய டிசிஎஸ்ஸின் ஆரம்ப வேலைகளில் ஒன்று, தங்கள் குழுமத்தின் சொந்த இரும்பு ஆலையான டிஸ்கோவுக்குப் பஞ்ச் கார்டு வேலை. டாடாவாகவே இருந்தாலும் முதல் வேலை சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது, பாருங்கள். 1981ல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸுக்கு முதல் வாடிக்கையாளர் நியூயார்க்கின் டேட்டா பேசிக்ஸ் கார்ப்பரேஷன். இது எல்லோருக்கும் தெரியும். உள்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் யார்? பெங்களூரில் ஸ்பார்க் பிளக் செய்துகொண்டிருந்த மைக்கோ. அந்த வேலைக்காக 1983ல் கம்பெனியையே புனேயிலிருந்து பெங்களூருக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்டெஸ்க்குக்கு முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. முகம் பார்க்காமல் இணையத்திலேயே வாங்கினார்கள். ஆனால் அது தயாரான பொருளை விற்கிற வழி. செய்து கொடுக்கிற வேலைக்கு அந்த வழி பொருந்தாது. மைக்கோ கதைதான் எனக்குப் பிடித்தது. தொழிற்சாலை இருக்கிற இடத்துக்கு ஆள் போயிருக்கிறார்கள். நான் போக வேண்டியதில்லை, என்னைச் சுற்றியே எல்லாம் இருந்தது.

கிளம்பினேன்.

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீஸ். இந்த ஊர் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுவது உங்களுக்குத் தெரியும், ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன. பில் போடுவது எளிய கணக்கில்லை. முதல் 300 அடிக்கு ஒரு ரேட்டு, அதற்குக் கீழே போகப் போக 100 அடிக்கு ஒரு தடவை ரேட்டு ஏறும், கேசிங் பைப் தனி, ஏஜென்ட் கமிஷன் தனி. இதை ஃபோனிலேயே போடுகிற மாதிரி ஓர் ஆப் செய்து கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"இந்தக் கணக்க எம் மேனேஜரு மனசுலயே போடுவான் கண்ணு. வண்டி மத்தியப் பிரதேசத்துல நிக்குது. எனக்கு வேண்டியது பில்லு இல்ல. அவன் நெசமா எத்தனை அடி ஓட்டுனான்னு தெரியோணும். அத உம் ஃபோனு சொல்லுமா?"

சொல்லாது. இருபது அடி பைப் எத்தனை இறங்கியது என்று எண்ணுகிறவன் அங்கே நிற்கிற ஆள்தான், ஃபோனில் அடிக்கப்போகிறவனும் அவன்தான். கோழிப்பண்ணையிலும் இதே கதை. காலையில் எத்தனை முட்டை, எத்தனை உடைசல், எத்தனை கோழி செத்தது, தீவனம் எத்தனை மூட்டை என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவார். என் ஆப் வந்தால் அதையே ஆப்பில் எழுதுவார். பண்ணைக்காரருக்கு உண்மையான தலைவலி முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவிக்கிற விலைக்கும் வியாபாரி கையில் கொடுக்கிற விலைக்கும் நடுவில் விழுகிற 'மைனஸ்'. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விவசாயிக்கு விலை போடுவார்கள். லோடு லோடாகக் கிழங்கு வந்து இறங்கும் நேரத்தில் போனேன். "சீசன்ல வந்து நிக்கறியே தம்பி, முடியட்டும் வா" என்றார். சீசன் முடிந்து போனேன். "இப்பத்தான் வேலையே இல்லியே, எதுக்கு சாஃப்ட்வேரு?" என்றார். அவரை என்ன சொல்வது?

ரொம்ப நம்பிக்கையோடு போனது சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு. வெள்ளிக் கொலுசுத் தொழிலில் பணக் கணக்கு கடைசியில்தான் வரும், முதலில் கிராம் கணக்கு. பட்டறைக்கு இத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாக இத்தனை கிராம் வந்தது, டச் (தூய்மை) இத்தனை, சேதாரம் இத்தனை, கூலி இத்தனை. வீடு வீடாகப் பிரிந்து நடக்கிற தொழில். ஒரே கொலுசு கம்பி இழுக்க ஒரு வீடு, பூ வைக்க ஒரு வீடு, மெருகு போட ஒரு வீடு என்று சுற்றிவிட்டு வரும். ஒவ்வொரு வாசலிலும் எடை போட வேண்டும். கடையில் விற்கிற கணக்கு சாஃப்ட்வேரில் இதை வசதியாக அடக்குவது கஷ்டம். ஆகவே இது எனக்கான இடம் என்று நினைத்தேன். கடைக்காரருக்கும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பட்டறையிலும் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்று ஒரே திரையில் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்.

"இதெல்லாம் எங்க இருக்கும்?"

"கிளவுட்ல இருக்கும்ங்ணா."

"கிளவுடுன்னா? அப்ப உங்கிட்ட இருக்கும்."

"இல்லீங்ணா, பாஸ்வேர்டு உங்ககிட்டதான்..."

"எங்கணக்கு எம் பங்காளிக்கே தெரியாது தம்பி. உனக்குத் தெரியோணுமா?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன்.

கல்லூரி செமினார்களில் ஒரு வசனம் தவறாமல் வரும்: நம் ஊர்த் தொழில்காரர்களுக்குத் தொழில்நுட்ப விழிப்புணர்வு இல்லை. இதைவிடப் பெரிய பொய் கிடையாது. 2017 ஜூலை ஒன்றாம் தேதி ஜிஎஸ்டி வந்தது, கற்றுக்கொண்டார்கள். 2018 ஏப்ரலில் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது, புக்கிங் ஆபீஸில் பத்தாவது படித்த ஆள் அதைப் போடுகிறார். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஜிபிஎஸ் இல்லாமல் லோடே கொடுக்காத கம்பெனிகள் உண்டு, அதையும் மாட்டிக்கொண்டார்கள். தேவை என்றால் மறுநாளே வாங்குகிற கூட்டம் இது. என்னிடம் வாங்காததற்குக் காரணம் என் சாஃப்ட்வேர் மட்டும் இல்லை. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்கள் தொழிலின் அடிமடியை ஒரு புது ஆளிடம் அவிழ்த்துக் காட்டுவார்களா? நானாக இருந்தாலும் காட்ட மாட்டேன்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. போர்வெல்காரர், சேகோக்காரர், கொலுசுக்காரர் எல்லோரும் என்னை அனுப்பி வைக்கும்போது ஏதோ ஒரு வடிவத்தில் இதைச் சொன்னார்கள்: "ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." தட்டிக்கழிக்கச் சொல்வதாகத்தான் அதை எடுத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையான பதில். பங்காளிக்குத் தெரியாத கணக்கு அந்த ஒரு ஆளுக்குத் தெரியும்.

இங்கே ஆடிட்டர் என்றால் சிஏ படித்தவர் மட்டும் இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் பிராக்டிஷனரும் ஆடிட்டர்தான், வாரத்தில் ஆளுக்கொரு நாள் என்று ஐந்தாறு ஆபீஸ்களுக்குப் போய் டேலியில் என்ட்ரி போட்டுக் கொடுக்கும் பார்ட் டைம் அக்கவுண்டன்டும் ஏறக்குறைய ஆடிட்டர்தான். நான் பிடித்தது இந்தக் கடைசி வகை. நாமக்கல்லில் சொந்தக்காரர் ஒருவருக்குத் தெரிந்தவர். முன்பு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து, தனியாக வந்தவர். "ஏதாவது வித்துக் குடுங்க" என்று அவரிடம் நான் கேட்கவில்லை. "மாசக் கடைசியில உங்களுக்கு ரொம்பக் கடுப்பாகிற வேலை எதுங்க சார்?" என்று கேட்டேன். அவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

அவருடைய கடுப்பு ஃபாஸ்டேக். முன்பெல்லாம் டிரைவர் டோல் ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார், டிரிப் ஷீட்டோடு பின் அடித்து வைத்தால் முடிந்தது. ஃபாஸ்டேக் வந்த பிறகு டோல் வண்டி நம்பரில் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. மாசக் கடைசியில் தேதி, நேரம், டோல் பிளாசா, தொகை என்று பக்கம் பக்கமாக ஒரு ஸ்டேட்மென்ட் வருகிறது. அதில் டிரிப் என்ற சமாச்சாரமே கிடையாது. வண்டி ஒரே மாசத்தில் குஜராத் போய்த் திரும்பி, மறுபடி ஆந்திரா போயிருக்கும். எந்த டோல் எந்த டிரிப்புக்கு? முதலாளிக்கு டிரிப்வாரியாக வேண்டும். வாடகையில் டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போக மிச்சம் என்ன என்பதுதானே லாரித் தொழிலே. ஆகவே இவர் ஸ்கேலை வைத்து வரிவரியாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். சில வரிகள் இரண்டு தடவை பிடித்தமாகி இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாசம் வந்துவிடும்.

நான் செய்து கொடுத்தது மிகச் சின்ன விஷயம். ஸ்டேட்மென்ட் ஃபைலை உள்ளே போட்டால், டிரிப் ஷீட்டில் இருக்கும் புறப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதியை வைத்து ஒவ்வொரு டோலையும் அந்தந்த டிரிப்பில் உட்கார வைக்கும். எந்த டிரிப்பிலும் சேராததையும், ஒரே பிளாசாவில் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை விழுந்ததையும் தனியாகக் காட்டும். அவருடைய கம்ப்யூட்டரிலேயே ஓடும், கிளவுட் கிடையாது. காசு கேட்கவில்லை. இலவசமாக வேலை செய்யாதீர்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். பொதுவாக எனக்கும் அதே கருத்துதான். ஆனால் இது ஒரு முதலாளிக்கு இலவசம் இல்லை. ஐந்தாறு முதலாளிகளின் நம்பிக்கையை வைத்திருக்கிற ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டும் வேறு.

பிறகு நடந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அவருடைய வாடிக்கையாளர்களில், அண்ணன் தம்பி சேர்ந்து வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு டிரைவரோடு டிரிப் கணக்கில் சண்டை. அக்கவுண்டன்ட் என் ஃபைலைப் பிரின்ட் போட்டு மேசையில் வைத்திருக்கிறார். "இது யார் போட்டது?" "ராசிபுரத்துப் பையன் ஒருத்தன்." "அவன வரச்சொல்லு."

போனேன். இந்தத் தடவை நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த லாங்குவேஜ், எந்த டேட்டாபேஸ் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன்காரர் கேட்டது இரண்டே கேள்வி. யார் வீட்டுப் பையன்? நாளைக்கு வெளிநாடு போயிட்டா யார் பாப்பாங்க? இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சோர்ஸ் கோடு முழுக்க ஒரு காப்பி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், வேறு யாரை வைத்தும் பார்த்துக்கொள்ளலாம். அது போதும் என்றார். ஆனால் ஆடி மாசம். "ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஆவணி பிறந்து, அட்வான்ஸ் வந்தது.

மொத்தம் 35,000 ரூபாய் பேசினோம். சென்னை நண்பர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் லாரி ஆபீஸ் எனக்குப் பாடம் எடுத்தது. திரையில் அழகாக ரிப்போர்ட் காட்டினேன். அவர்கள் கேட்டது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் கார்பனோடு இரண்டு காப்பி, ஏனென்றால் டிரைவர் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். டிரைவர் படிக்கிற மாதிரி தமிழில் வேண்டும். அதிலும் 'ஏற்று கூலி' என்று வேண்டும், 'லோடிங் சார்ஜஸ்' கூடாது. பேட்டா சில டிரைவருக்கு வாடகையில் சதவீதம், சிலருக்குக் கிலோமீட்டர் கணக்கு, பெரியவர் ஒருத்தருக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் வராத தனி ரேட்டு. "அவரு எங்கப்பா காலத்து ஆளு, அத மாத்தக் கூடாது." அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். தயாரான சாஃப்ட்வேர் ஏன் இந்த ஆபீஸ்களில் நிற்பதில்லை என்று கேட்டால், அந்தப் பெரியவருக்கு அதில் இடம் இருக்காது.

முதலாளி டிரைவர்களைப் பிடிக்கத்தான் இதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். முதல் மாசக் கணக்கு வந்தபோது வேறொன்று தெரிந்தது. சில டிரிப்புகளில் இறக்குக்கூலியை டிரைவரே கையிலிருந்து கொடுத்து, டிரிப் ஷீட்டின் மூலையில் எழுதியும் வைத்திருக்கிறார். அது நோட்டில் ஏறவே இல்லை. தம்பிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு டிரைவர்களே டிரிப் ஷீட்டை ஒழுங்காக எழுத ஆரம்பித்தார்கள். போர்வெல்காரர் கேட்ட கேள்விக்கு இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதுகிறவனுக்கும் லாபம் இருந்தால்தான் எழுதுவது உண்மையாக இருக்கும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சேவைத் தொழிலில் வருஷம் 20 லட்சம் ரூபாய் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 'ஜிஎஸ்டி பில் இல்லாட்டி வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், உடனே ஓடிப்போய்ப் பதிவு செய்யாதீர்கள். ரிவர்ஸ் சார்ஜில், அதாவது வாடகை கொடுக்கிறவரே வரி கட்டும் முறையில், வாடகை வாங்கும் லாரிக்காரருக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க வழியே கிடையாது, உங்கள் பில்லில் 18 சதவீதம் ஏற்றினால் அது அவருக்குச் செலவுதான். அவருடைய ஆடிட்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் பிடித்தால் கலங்க வேண்டாம், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும்.

உத்யம் பதிவை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். ஆதாரை வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகச் செய்யலாம், இதற்குக் காசு கேட்கிற ஏஜென்ட் தேவையில்லை. ஏன் முக்கியம் என்றால், 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டி உண்டு. இதோடு 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்று ஒன்றைச் சேர்த்தது: கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இதை வைத்து நீங்கள் போய் முதலாளியிடம் சட்டம் பேச வேண்டாம், அடுத்த வேலை வராது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டால் போதும். மார்ச் மாசம் ஆடிட்டரே அவரைக் கூப்பிட்டுச் சொல்வார். எனக்கு "ஆயுத பூஜைக்குப் பாக்கலாம்" என்றிருந்த ஒரு பாக்கி அப்படித்தான் வந்தது.

அப்புறம் அந்த 'வந்து பாத்துட்டுப் போ தம்பி'. ஒரு தடவை காசு கொடுத்தால் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது இங்கே இயல்பு. தப்பாக நினைத்துச் சொல்வதில்லை. லாரிக்கு பாடி கட்டிக் கொடுத்த பட்டறையும் சின்னச் சின்ன வேலையைக் காசில்லாமல்தான் செய்து கொடுக்கிறது. ஆகவே வருஷப் பராமரிப்புக் கட்டணத்தை முதல் நாளே, அட்வான்ஸ் வாங்கும்போதே, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் வருஷம் இலவசம், அடுத்த வருஷத்திலிருந்து இவ்வளவு. இதைச் சொல்ல வாய் வராதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இரண்டு வருஷத்தில் ஃபோனை எடுக்காமல் ஒளிந்துகொள்கிறார்கள். பிறகு அந்தத் தெருவில் அடுத்து வருகிற டெவலப்பருக்கு வேலை கிடைப்பதில்லை. என்னைப் பலர் நம்பாததற்கு இப்படி ஒளிந்துகொண்டவர்களும் ஒரு காரணம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது கான்ட்ராக்ட் அதே தெருவில் இருந்து வந்தது. மூன்றாவது, டேங்கர் வைத்திருக்கும் அவர்களுடைய சம்பந்தி வீட்டிலிருந்து. செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர் மட்டும் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். அவருடைய ஆடிட்டர் யார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஆப் செய்வதற்கு முன்னால் உங்கள் ஊரில் கணக்கு எழுதுகிற ஆள் யார் என்று தேடுங்கள். ஒன்றே ஒன்று ஞாபகம் வையுங்கள்: மாசம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கெடு, 20ஆம் தேதி 3பி ரிட்டர்னுக்கு. 20 தாண்டிப் போங்கள். அதற்கு முன்னால் போனால் டீ கூடக் கிடைக்காது.